அரசு மானியம் கேட்கும் முன்: தொண்டு நிறுவனங்களுக்கான தகுதி விதிகள், படிப்படியாக

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி, ஆதரவற்ற முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம் என்று தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் பலர் சொந்தக் காசையும் தெரிந்தவர்களின் நன்கொடையையும் வைத்தே பெரிய வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இதே வேலைகளுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகத்தில் மானியத் திட்டங்கள் இருக்கின்றன. சிறப்புப் பள்ளிக்கு தீனதயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம், முதியோர் இல்லத்துக்கு அடல் வயோ அபியுதய யோஜனா, போதை மீட்புக்குத் தனிச் செயல்திட்டம். திட்டம் இருப்பது தெரிந்து விண்ணப்பித்தவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

அப்படித் திரும்பி வந்த கோப்புகளை எடுத்துப் பார்த்தால், வேலை சரியில்லை என்று எழுதியிருப்பது அரிது. பத்திரத்தில் ஒரு நோக்கம் விடுபட்டிருக்கும். நிர்வாகக் குழு மாறியது பதிவாளருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்காது. இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கை இருக்கும், மூன்றாவது இருக்காது. விண்ணப்பிக்கும் மாதத்தில் இவற்றை எதுவும் செய்துவிட முடியாது. அதனால்தான் சொல்கிறேன்: தகுதி என்பது விண்ணப்பத்துக்கு மூன்று ஆண்டுக்கு முன்பே கட்டத் தொடங்க வேண்டிய விஷயம். இன்று மானியம் தேவைப்படாத நிறுவனமும் இந்த வழிகாட்டியை இன்றே வாசிப்பது நல்லது.

இதில் பேசுவது அரசு தரும் மானியத்தைப் பற்றி. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு சிஎஸ்ஆர்-1 படிவம், வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்சிஆர்ஏ பதிவு என்று வேறு வாசல்கள் உண்டு. அவற்றின் விதிகள் வேறு. அரசு மானியம் கேட்க எஃப்சிஆர்ஏ வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் படி: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, அதாவது ஜிஎஃப்ஆர், மானியம் யாருக்குத் தரலாம் என்பதை 228ஆம் விதியில் சொல்கிறது. தனிச் சட்ட அடையாளம் உள்ள அமைப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒருவர் தன் வீட்டில் முப்பது பேருக்குத் தினமும் சோறு போட்டாலும், பதிவு இல்லையென்றால் அரசுக் கோப்பில் அவருக்கு இடமில்லை.

தமிழ்நாட்டில் மூன்று வடிவங்கள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யும் சங்கம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து உருவாகும் பொது அறக்கட்டளை, கம்பெனிகள் சட்டம் 2013இன் 8ஆம் பிரிவின் கீழ் வரும் லாப நோக்கற்ற கம்பெனி. சங்கத்துக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும்.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பலர் சேர்ந்து நடத்தப்போகிறீர்கள், தேர்தல் வைத்து நிர்வாகிகளை மாற்றுவீர்கள் என்றால் சங்கம். நாலைந்து பேர் நீண்ட காலம் பொறுப்பில் இருக்கப்போகிறீர்கள் என்றால் அறக்கட்டளை. கம்பெனிக்கு ஆண்டுதோறும் தாக்கல் வேலை அதிகம். அதற்குச் செலவழிக்க வசதி இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். இந்த மூன்றையும் ஏற்கும் திட்டங்களே பெரும்பாலும் உள்ளன. என்றாலும், திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையில் உங்கள் வடிவம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: பத்திரத்தை எடுத்து, வரி விடாமல் வாசியுங்கள்

பதிவு செய்த நாளில் பத்திர எழுத்தர் தந்ததை வாங்கிப் பீரோவில் வைத்த பலர், பிறகு அதைத் திறந்ததே இல்லை. ஆய்வு அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

அவர் பார்க்கும் முதல் இடம் நோக்கங்கள் பகுதி. நீங்கள் மானியம் கேட்கும் வேலை அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். "கல்வி வளர்ச்சிக்காக" என்று மட்டும் எழுதிய அறக்கட்டளை முதியோர் இல்லத்துக்கு மானியம் கேட்டால், கேள்வி எழும். எழுவது நியாயமும்கூட. "சமூக சேவை செய்தல்" என்ற பொதுச் சொல்லை நம்பியிருப்பதும் ஆபத்து. "மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கல்வி, சிகிச்சை, மறுவாழ்வு" என்று வேலையின் பெயரோடு இருக்கட்டும்.

இரண்டாவது, லாபம் பிரிப்பதற்குத் தடை. நிறுவனத்தின் வருமானமும் சொத்தும் எந்த நிலையிலும் நிறுவனருக்கோ நிர்வாகிகளுக்கோ அவர்களின் உறவினர்களுக்கோ போகாது என்ற வாசகம் இருக்க வேண்டும். மூன்றாவது, கலைப்பு விதி: நிறுவனம் கலைந்தால் மிச்சமுள்ள சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு நிறுவனத்துக்குப் போகும் என்று எழுதியிருக்க வேண்டும். அறக்கட்டளையாக இருந்தால், அது திரும்பப் பெற முடியாதது என்ற வரியும் வேண்டும். வருமான வரித் துறையும் இந்த வரிகளைத்தான் தேடும்.

நான்காவது, யாருக்கான சேவை என்பது. ஒரு குறிப்பிட்ட சாதியினருக்கோ மதத்தினருக்கோ மட்டும் என்று எழுதிய பத்திரங்கள் நம் ஊர்களில் நிறைய. பெரியவர்கள் நல்ல எண்ணத்தில் எழுதியவை அவை. ஆனால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 13(1)(பி) பிரிவு, அப்படிப்பட்ட தர்ம நிறுவனங்களுக்கு வரிவிலக்கை மறுத்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. சமூகநீதி அமைச்சகத்தின் திட்டங்களும் சாதி, மதம், பால் அடிப்படையில் பாகுபாடு காட்டாத நிறுவனமாக இருக்க வேண்டும் என்றே கேட்கின்றன.

குறை இருந்தால் திருத்தலாம். சங்கமாக இருந்தால் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் போட்டு, துணைவிதித் திருத்தத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அறக்கட்டளைக்கு வழி குறுகலானது. பத்திரத்திலேயே திருத்தும் அதிகாரம் கொடுத்திருந்தால் திருத்தப் பத்திரம் பதியலாம். இல்லையென்றால் நீதிமன்றத்தை நாட வேண்டிவரும். புதிதாகத் தொடங்குபவர்கள் திருத்த அதிகாரம் தரும் ஷரத்தை எழுதாமல் பத்திரம் பதியக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இன்னொன்று: ஏற்கெனவே 12ஏபி என்ற வருமான வரிவிலக்குப் பதிவு வாங்கிய நிறுவனம் நோக்கங்களை மாற்றினால், 30 நாளுக்குள் வருமான வரித் துறையிடம் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பதிவையே சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு.

மூன்றாம் படி: நிர்வாகக் குழு

கணவர் தலைவர், மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர். இப்படி அமைவதில் சட்டமீறல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மானிய விண்ணப்பத்தைப் பார்ப்பவர் தேடுவது, முறையாக அமைந்த, அதிகாரமும் கடமையும் எழுத்தில் வரையறுக்கப்பட்ட ஒரு நிர்வாகக் குழுவை. கையெழுத்துப் போடும் மூவரும் ஒரே குடும்பம் என்றால், பணத்துக்கு யார் யாரைக் கேள்வி கேட்பார்கள் என்ற சந்தேகம் இயல்பாகவே வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர், உள்ளூர் மருத்துவர், பயனாளியின் பெற்றோர் ஒருவர் என்று வெளியாட்களைக் குழுவில் சேருங்கள். குறிப்பாகப் பெற்றோர். சிறப்புப் பள்ளி நடத்துபவர்கள் இதைச் செய்தால் பள்ளியே மேம்படுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

சங்கங்களுக்கு ஒரு கெடு உண்டு: நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்கள் திரும்ப வரலாம், ஆனால் பொதுக்குழுவில் தேர்வாகித்தான் வர வேண்டும். குழு மாறினால் படிவம் 7ஐ மூன்று மாதத்துக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இதைச் செய்யாத சங்கத்தில் இன்றைய தலைவர் போடும் கையெழுத்து, பதிவாளரின் கோப்புப்படி செல்லாத கையெழுத்து. விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பதிவாளர் சான்றில் உள்ள பெயரும் வேறு வேறாக இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும்.

நான்காம் படி: ஆண்டுத் தாக்கல்களில் பாக்கி வைக்காதீர்கள்

சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். விட்டுப்போன ஆண்டுகளைத் தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஆறேழு ஆண்டுப் பாக்கியைத் தீர்ப்பது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை என்பதால் அதை முதலில் தொடங்குங்கள்.

அறக்கட்டளைகளுக்குத் தமிழ்நாட்டில் இப்படி ஆண்டுத் தாக்கல் கேட்கும் அலுவலகம் இல்லை. மகாராஷ்டிரத்தில் அறநிலைய ஆணையர் இருப்பதுபோல இங்கே பொது அறக்கட்டளைகளுக்குத் தனிச் சட்டம் கிடையாது. சுதந்திரம்தான், ஆனால் அதன் விலை மானியம் கேட்கும்போது தெரியும்: உங்கள் நிர்வாகம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு உங்களிடம் தீர்மானப் புத்தகம் மட்டுமே சாட்சி. ஒவ்வொரு கூட்டத்தையும் தேதி, வந்தவர்கள், எடுத்த முடிவு, கையெழுத்து என்று எழுதிவையுங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து மூன்று ஆண்டுக் கூட்டங்களை ஒரே பேனாவில் எழுதிய புத்தகம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: எண்கள்

நிறுவனத்தின் பெயரில் பான் அட்டை, நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திடும் ஏற்பாடு. பத்திரம், பான், வங்கி மூன்றிலும் பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும். "டிரஸ்ட்" என்று ஓரிடத்தில், "அறக்கட்டளை" என்று இன்னோரிடத்தில் இருந்தால், இணையதளம் உங்கள் விவரத்தை ஏற்காமல் நிற்கும்.

அடுத்தது என்ஜிஓ தர்பன். நிதி ஆயோக்கின் இந்தத் தளத்தில் பதிந்து தனி அடையாள எண் பெறாமல் மத்திய அமைச்சகங்களிடம் மானியம் கேட்க முடியாது. பதிவுச் சான்று, நிறுவனத்தின் பான், குறைந்தது மூன்று நிர்வாகிகளின் பான், ஆதார் விவரங்கள் வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. இதைச் செய்துதர ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். கணினி தெரிந்த ஒரு கல்லூரி மாணவரை உட்கார வைத்தால் போதும். நிர்வாகிகள் மாறினால் தர்பனிலும் மாற்ற வேண்டும்.

தீனதயாள் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பம் இ-அனுதான் தளத்தின் வழியாகப் போகிறது. பணம் வந்து சேர்வது பிஎஃப்எம்எஸ் என்ற பொது நிதி மேலாண்மை முறையில் பதிந்த கணக்குக்கு.

வருமான வரிப் பதிவு கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. 2021 ஏப்ரல் முதல் பழைய 12ஏ பதிவு போய் 12ஏபி வந்தது. புதிய நிறுவனத்துக்கு முதலில் மூன்று ஆண்டுத் தற்காலிகப் பதிவு. அது முடிய ஆறு மாதத்துக்கு முன்போ, பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முதலில் வருகிறதோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முறையான பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். 2025இன் நிதிச் சட்டம், வருமானம் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டாத சிறு நிறுவனங்களுக்கு இதைப் பத்து ஆண்டாக நீட்டியது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. அதில் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டர்களும் அலுவலகங்களும் இன்னும் 12ஏ, 80ஜி என்றே பேசுவார்கள். பேரைப் பற்றிக் கவலைப்படாமல், உங்கள் பதிவின் கடைசித் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

80ஜி நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருவது. அரசு மானியத்துக்கு அது நேரடியாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் உங்கள் பங்குத் தொகையை உள்ளூரில் திரட்ட அது பெரிய உதவி.

ஆறாம் படி: மூன்று ஆண்டுக் கணக்கு

விண்ணப்பத்தோடு நிறுவனத்தின் துணைவிதிகள், தணிக்கை செய்த கணக்குகள், வருமானம் எங்கிருந்து வருகிறது, எப்படிச் செலவாகிறது என்ற விவரம் எல்லாம் தர வேண்டும் என்று ஜிஎஃப்ஆர் 230ஆம் விதி சொல்கிறது. எத்தனை ஆண்டு என்பதைத் திட்டங்கள் தனித்தனியே சொல்லும். மூன்று ஆண்டுக் கணக்கைத் தயாராக வைத்திருப்பவருக்கு எந்தத் திட்டத்திலும் கவலை இல்லை.

கணக்கில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ரொக்கம். ஒரே நபருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரித் துறை தர்மச் செலவாகக் கணக்கில் எடுக்காது. நன்கொடையாளரும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது. அரிசிக் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் வங்கி வழியாகக் கொடுத்துப் பழகுங்கள்.

இரண்டு, பொருளாக வருவது. முதியோர் இல்லங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடு, அரிசி மூட்டை, பழைய துணி என்று வரும் உதவிகளை யாரும் எழுதுவதில்லை. அதனால் கணக்கில் இல்லம் வருடத்துக்கு இரண்டு லட்சத்தில் நடப்பதுபோலத் தெரியும்; உண்மையில் ஐந்து லட்சம் மதிப்புள்ள வேலை நடந்திருக்கும். பொருள் வரவுப் பதிவேடு ஒன்றைப் போட்டு, யார் தந்தது, எவ்வளவு, எப்போது தீர்ந்தது என்று எழுதிவந்தால், உங்கள் வேலையின் உண்மையான அளவு ஆய்வாளருக்குப் புரியும்.

மூன்று, நிர்வாகிகளோடு கொடுக்கல் வாங்கல். நிறுவனரின் சொந்த வீட்டில் பள்ளி நடக்கிறது, அதற்கு வாடகை வாங்குகிறார் என்றால் அது குற்றமில்லை. வாடகை அந்தப் பகுதியின் நிலவரத்தை மீறாமல் இருக்க வேண்டும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், நிர்வாகக் குழு அதை ஏற்றுத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நிறுவனர் வாக்களிக்காமல் விலகியிருந்தால் இன்னும் நல்லது.

ஏழாம் படி: வேலைக்கான உரிமம்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சங்கப் பதிவு என்பது அமைப்புக்கான பதிவு. இல்லமோ பள்ளியோ நடத்த அதற்கு மேலே தனி உரிமம் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதுவானாலும், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 50ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்று இல்லாமல் நடத்தக் கூடாது. குழந்தைகள் தங்கும் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவு. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்குத் தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம். மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்துப் பராமரிப்பதற்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் கீழ் மாநில மனநல ஆணையத்தின் பதிவு. கட்டடத்துக்கு உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவை இவற்றோடு சேரும்.

இத்தனை காகிதமா என்று அலுத்துக்கொள்பவர்களிடம் ஏர்வாடியை நினைவுபடுத்துவேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஓலைக் கொட்டகையில் நடந்துவந்த ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். உரிமம் கேட்கும் சட்டங்களின் பின்னால் அப்படிப்பட்ட உயிர்கள் இருக்கின்றன. மானியம் வாங்கப்போவதில்லை என்றாலும் இந்தப் படியை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது.

பணியாளர்களுக்கும் தகுதி உண்டு. சிறப்பு ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர் போன்ற மறுவாழ்வுப் பணியாளர்களும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்தவர்களாக இருக்க வேண்டும். பல ஆண்டு அனுபவமுள்ள, ஆனால் படிப்பு முடிக்காத பணியாளரை வைத்திருந்தால், அவரை அனுப்பிவிடாமல் கவுன்சில் அங்கீகரித்த படிப்பில் சேர்த்துவிடுங்கள். குழந்தைகள் அவரைத்தான் நம்புகிறார்கள்.

எட்டாம் படி: திட்டத்தின் நெறிமுறையோடு ஒப்பிடுங்கள்

இப்போதுதான் விண்ணப்பம் பக்கம் வருகிறோம். அமைச்சகத் தளத்தில் உள்ள நெறிமுறையின் அண்மைப் பதிப்பை இறக்கி அச்செடுங்கள். பழைய நகல்கள் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். தேதி பார்க்காமல் எடுக்காதீர்கள். தகுதிப் பகுதியின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதை நிரூபிக்கும் காகிதம் எது, கோப்பில் எத்தனையாவது பக்கம் என்று எழுதுங்கள். காகிதம் இல்லாத வரி எதுவோ அதுதான் உங்கள் அடுத்த வேலை.

மூன்று இடங்களில் குறிப்பாக நில்லுங்கள். முதலாவது, அனுபவ ஆண்டு: பதிவான தேதியிலிருந்து எண்ணுகிறார்களா, அந்த வேலையைத் தொடங்கிய தேதியிலிருந்தா? பத்தாண்டுப் பழைய அறக்கட்டளை சென்ற ஆண்டு தொடங்கிய பள்ளிக்கு மானியம் கேட்கும்போது இந்த வேறுபாடு தலையெழுத்தை மாற்றும். இரண்டாவது, சொந்தப் பங்கு: தீனதயாள் திட்டம் அனுமதிக்கப்பட்ட செலவில் 90 சதவீதம் வரை தருவது. மிச்சம் உங்களுடையது, அதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். மூன்றாவது, இரட்டை மானியம்: இதே வேலைக்கு வேறு மத்திய அமைச்சகத்திடமோ மாநில அரசிடமோ மானியம் வாங்கவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்று ஜிஎஃப்ஆர் உறுதிமொழி கேட்கிறது. மாநில அரசு ஆசிரியர் சம்பளத்துக்கு உதவுகிறது, மத்திய மானியத்தைப் பேருந்துச் செலவுக்குக் கேட்கிறீர்கள் என்றால் அதை மறைக்காமல் தலைப்புவாரியாகப் பிரித்து எழுதுங்கள். மறைத்துப் பின்னால் தெரியவந்தால் முழுத் தொகையும் திரும்பக் கேட்கப்படும்.

விண்ணப்பிக்க ஒருவருக்கு அதிகாரம் தந்து நிர்வாகக் குழு போட்ட தீர்மானத்தின் நகலையும் இணைக்க மறக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: ஆய்வும் பரிந்துரையும்

தீனதயாள் திட்ட விண்ணப்பம் மாவட்ட அளவில் ஆய்வு முடிந்து, மாநில அரசின் பரிந்துரையோடுதான் டெல்லி போகும். தமிழ்நாட்டில் முதல் படிக்கட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்குள்ளவர்களுக்கு உங்கள் நிறுவனம் விண்ணப்ப நாளில்தான் அறிமுகமாகிறது என்ற நிலை வேண்டாம். ஆண்டறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுங்கள், முகாம்களுக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின நிகழ்ச்சியில் கலந்துகொள்ளுங்கள்.

ஆய்வு நாளில் பார்ப்பவை: வருகைப் பதிவேடு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கோப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை எண், பணியாளர் சான்றிதழ்கள், சம்பளம் வங்கி வழியாகப் போனதற்கான ஆதாரம், இருப்புப் பதிவேடு, கழிப்பறை, சாய்தளம். பதிவேட்டில் நாற்பது பெயர், வகுப்பில் இருபத்தைந்து குழந்தைகள் என்றால், மிச்சம் பதினைந்து பேர் ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் பதிவேட்டிலேயே இருக்க வேண்டும். காய்ச்சல், ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று அன்றன்றைக்கு எழுதியிருந்தால் அது நம்பத்தக்கது. ஆய்வுக்காகப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளை அழைத்து வந்து உட்காரவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யும் நிறுவனம் எல்லா நிறுவனங்களின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிறது.

பரிந்துரை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வரவில்லையென்றால், குழு உறுப்பினர் ஒருவர் குடிமகன் என்ற முறையில் தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்கலாம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

இடைத்தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "டெல்லியில் ஆள் இருக்கிறது, வரும் தொகையில் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று தேடி வருபவர்களைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். அந்தச் சதவீதத்தை எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவீர்கள்? பொய் ரசீது போட வேண்டிவரும். அது உங்கள் கையெழுத்தில் இருக்கும்; அவருடையதில் இருக்காது.

பத்தாம் படி: கிடைத்த பிறகும் தகுதி தொடர வேண்டும்

பணம் வருமுன் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்று உறுதிப்பத்திரம் எழுதித்தர வேண்டும். நிபந்தனைகளை மீறினால், பணத்தை வேறு வேலைக்குத் திருப்பினால், வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால், ஆண்டுக்கு 10 சதவீத வட்டியோடு திரும்பக் கட்டும் பொறுப்பு அந்தத் தனிமனிதர்களுடையது. பெயருக்குக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கு இதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள். அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

மானியம் வங்கியில் கிடந்த நாட்களுக்கான வட்டி உங்களுடையது அல்ல. கணக்கு முடிந்ததும் அரசின் தொகுநிதிக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும். மானியத்தில் வாங்கிய பொருட்களுக்குச் சொத்துப் பதிவேடு போட வேண்டும், அனுமதியின்றி விற்கக் கூடாது. செலவழித்ததற்கு ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து 12 மாதம் வரை அவகாசம் என்று விதி சொன்னாலும், அடுத்த தொகை அதை வைத்துத்தான் வரும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களிலேயே ஆடிட்டரைப் பிடித்து முடித்துவிடுவது புத்திசாலித்தனம். கணக்குகளை ஆய்வு செய்யும் உரிமை அமைச்சகத்துக்கும் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவருக்கும் உண்டு.

2019இல் டிஏவி கல்லூரி அறக்கட்டளை வழக்கில், அரசிடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மானியம் உங்கள் வரவில் பெரும்பங்காக மாறும் நாளில், ஊர்க்காரர் யாரும் உங்கள் கணக்கைக் கேட்கலாம். கேட்பதற்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

மானியத் தொகை வரத் தாமதமாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் மாதாமாதம் கொடுத்தாக வேண்டும், அரசுப் பணம் அந்த ஒழுங்கில் வராது. ஆறு மாதச் செலவுக்காவது கையிருப்போ உறுதியான நன்கொடையாளர்களோ இல்லாமல், மானியத்தை நம்பிக் குழந்தைகளின் எண்ணிக்கையை ஒரேயடியாகக் கூட்டக் கூடாது.

இன்றுதான் தொடங்குகிறீர்கள் என்றால்

மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டுமா என்று மலைக்க வேண்டாம். அந்தக் காலத்தை வீணாக்காமல் இருக்க வழி உண்டு. முதல் ஆண்டில் பதிவு, பான், வங்கிக் கணக்கு, 12ஏபி தற்காலிகப் பதிவு, தர்பன் எண் ஆகியவற்றை முடியுங்கள். செலவு சில ஆயிரமே என்றாலும் முதல் ஆண்டிலிருந்தே தணிக்கை செய்யுங்கள். சிறிய தொகை என்று விட்ட ஆண்டுதான் பின்னால் பல்லில்லாத இடம்போல் தெரியும். இரண்டாம் ஆண்டில் வேலைக்கான உரிமத்தையும் கட்டடச் சான்றுகளையும் பெறுங்கள். இதற்கிடையில், ஊருக்கான கட்டடம், பூங்கா, நீர்நிலை போன்ற வேலைகளுக்கு மக்கள் பங்களிப்போடு அரசு நிதி சேரும் "நமக்கு நாமே" போன்ற மாநிலத் திட்டங்களில் பங்கேற்கலாம். அதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஊரக வளர்ச்சிப் பிரிவை அணுகுங்கள். ஏற்கெனவே மானியம் பெற்று நடக்கும் ஒரு நல்ல நிறுவனத்துக்குச் சில நாட்கள் போய், அவர்களின் பதிவேடுகள் எப்படி இருக்கின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேட்டால் காட்டுவார்கள், ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அதைக் காட்டுவதில் தயக்கம் இருக்காது.